தியேட்டரில் மட்டும் வசனம் பின்தங்குவது ஏன்?

கேள்வி:

நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து 22 நிமிடக் குறும்படம் ஒன்றை முடித்திருக்கிறோம். ஒரே கேமரா, தனி ரெக்கார்டரில் லைவ் சவுண்டு. எடிட் முடிந்து, படத்தின் நிறத்தைச் சீராக்கும் கலரிஸ்ட்டிடமும் சவுண்டு மிக்ஸ் செய்பவரிடமும் கொடுத்து வாங்கி, நாங்களே டிசிபி (தியேட்டர் புரொஜெக்டரில் ஓடும் டிஜிட்டல் கோப்புத் தொகுப்பு) போட்டு ஒரு தியேட்டரில் ஓட்டிப் பார்த்தோம். ஆரம்பத்தில் சரியாக இருந்தது. போகப் போக வசனம் உதட்டை விட்டு விலகி, கடைசிக் காட்சியில் ஒரு நொடிக்கு மேல் பின்தங்கிவிட்டது. எடிட்டரின் லேப்டாப்பில் அதே படம் சரியாக ஓடுகிறது. எடிட்டர் மிக்ஸைக் குறை சொல்கிறார். மிக்ஸ் செய்தவர் டிசிபியைக் குறை சொல்கிறார். அதோடு, தியேட்டரில் இசை தூக்கலாகவும் வசனம் அமுங்கியும் கேட்டது. ஓரத்து இருக்கையில் இருந்தவர்களுக்குப் பேச்சு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்ததாம். இதற்கு நடுவில், நடுக்காட்சி ஒன்றைக் குறைக்க வேண்டும் என்று இயக்குநர் பிடிவாதமாக நிற்கிறார். விழாவுக்கு அனுப்ப இன்னும் 5 வாரம் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது? ஹார்ட் டிஸ்க்கும் நிரம்பிவிட்டது, கேமரா ஒரிஜினலை அழித்துவிடலாமா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: அழிக்காதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

வசனம் விலகுவதில் எடிட்டர் மேலும் தப்பில்லை, மிக்ஸ் செய்தவர் மேலும் தப்பில்லை. இரண்டு பேரும் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள் என்று கடிதத்திலிருந்தே தெரிகிறது. தொடக்கத்தில் சரி, போகப் போக விலகல், 22-வது நிமிடத்தில் ஒரு நொடிக்குச் சற்று மேல். நோயைக் கண்டுபிடிக்க இந்த மூன்று விவரம் போதும். உங்கள் படம் நொடிக்கு 23.976 ஃப்ரேமில் எடுக்கப்பட்டு, அதே வேகத்தில் எடிட் செய்யப்பட்டிருக்கிறது. டிசிபியில் அது 24-ஆக ஓடுகிறது. படம் வேகம் கூடியபோது ஒலி கூடவில்லை.

பல கேமராக்களின் மெனுவில் 24பி என்று எழுதியிருப்பது உண்மையில் 23.976-தான். 1953-ல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது, நிறத்துக்கான அலையும் ஒலிக்கான அலையும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க 30 ஃப்ரேமை 1.001-ஆல் வகுத்து 29.97 ஆக்கினார்கள். அந்த வகுத்தல் பிறகு 24-க்கும் ஒட்டிக்கொண்டது. டிசிபியில் 23.976 என்ற வேகமே கிடையாது. 25, 30 போன்றவற்றைப் புதிய தரம் அனுமதிக்கிறது. ஆனாலும் எந்த அரங்கிலும் ஓடும் என்று நம்பி அனுப்பக்கூடியது 24 மட்டும்தான். ஆகவே 23.976-ல் இருக்கும் படத்தை டிசிபி மென்பொருள் ஒரு ஃப்ரேமும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எடுத்து, 0.1 சதவீதம் வேகமாக ஓட விடுகிறது.

22 நிமிடம் என்றால் 1320 நொடி. அதில் 0.1 சதவீதம் 1.32 நொடி. உங்கள் 'ஒரு நொடிக்கு மேல்' இதுதான். முதல் நிமிட முடிவில் விலகல் வெறும் 60 மில்லிநொடி, அதாவது ஒன்றரை ஃப்ரேம். ஒலி 125 மில்லிநொடிக்குள் பிந்தினால் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. முந்தினால் 45-லேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் பிடி.1359 பரிந்துரை. உங்கள் படத்தில் 125-ஐத் தொடுவது இரண்டாவது நிமிடம் தாண்டிய பிறகு. அதுவரை எல்லாம் சரியாக இருந்ததாகத்தான் தோன்றியிருக்கும்.

ஊகத்தில் நிற்க வேண்டாம், எண்ணிப் பார்த்துவிடலாம். டிஜிட்டல் ஒலி நொடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலியை அத்தனை முறை அளந்த அளவீடுகள். 24 ஃப்ரேமில் ஓடும் படத்துக்கு ஒரு ஃப்ரேமுக்கு 2000 சாம்பிள் வரும், 23.976-ல் ஓடும் படத்துக்கு 2002. டிசிபிக்குக் கொடுத்த வேவ் என்ற ஒலிக் கோப்பின் மொத்த சாம்பிள் எண்ணிக்கையைப் படத்தின் மொத்த ஃப்ரேம் எண்ணிக்கையால் வகுங்கள். உங்கள் படம் 31,648 ஃப்ரேம் என்று வைத்துக்கொண்டால், மிக்ஸ் 6,33,59,296 சாம்பிள் இருக்கும், வகுத்தால் 2002. டிசிபிக்குள் போய் உட்கார வேண்டியது 6,32,96,000 சாம்பிள். நடுவில் 63,296 சாம்பிள் உபரி. உங்களைத் தியேட்டரில் நெளிய வைத்தது அதுதான். விடை 2002 என்று வந்தால் இனி யாரும் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை.

இது நேர்ந்த விதத்தையும் ஏறக்குறைய சொல்லிவிடலாம். கலரிஸ்ட் கொடுத்த படத்தை ஒரு கோப்பாகவும், மிக்ஸைத் தனி வேவ் கோப்பாகவும் டிசிபி மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டிருப்பீர்கள். படக் கோப்புக்குள் 23.976 என்று எழுதியிருக்கும், மென்பொருள் படித்துக்கொள்ளும். வேவுக்குள் ஃப்ரேம் ரேட் என்ற சங்கதியே இல்லை. அந்த ஒலி எந்த வேகத்துப் படத்துக்காகத் தயாரானது என்று நாம்தான் சொல்ல வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் டிசிபி-ஓ-மேட்டிக்கில் ஒலிக் கோப்பைத் தேர்ந்தெடுத்து, நேர அமைப்புப் பகுதிக்குப் போனால் அதைச் சொல்வதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. 23.976 என்று போட்டால் ஒலியையும் அதே 0.1 சதவீதம் வேகமாக்கிவிடும். சுருதி 2 சென்ட்டுக்கும் (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) குறைவாகத்தான் ஏறும். எந்தக் காதும் கண்டுபிடிக்காது.

இன்னொரு வழி, மிக்ஸ் செய்தவரிடமே 0.1 சதவீதம் வேகமாக்கிய வேவைக் கேட்டு வாங்குவது. இரண்டில் ஒன்றை மட்டும் செய்யுங்கள். அவரும் வேகமாக்கி, நீங்களும் மென்பொருளில் 23.976 என்று போட்டால், இந்த முறை வசனம் உதட்டுக்கு 1.32 நொடி முன்னால் வரும், அது இன்னும் கேவலமாக இருக்கும். என் சிபாரிசு: யாரும் எதையும் வேகமாக்க வேண்டாம். படத்தையும் இறுதி மிக்ஸையும் 23.976 டைம்லைனிலேயே சேர்த்து ஒரே புரோரெஸ் (எடிட்டிங்கில் பயன்படும் உயர்தர வீடியோ வடிவம்) கோப்பாக எடுத்து, அந்த ஒன்றை மட்டும் டிசிபி மென்பொருளுக்குக் கொடுங்கள். இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் ஒன்றாகத்தான் ஓடும்.

விலகல் எப்போதும் இந்த வகையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. படத்தில் மூன்று இடத்தில், கால்பங்கு, பாதி, கடைசி, என்று அளந்து பாருங்கள். மூன்றிலும் ஒரே அளவு விலகல் என்றால் கோப்பின் தலைப்பகுதி தவறாக ஒட்டியிருக்கிறது, நகர்த்தினால் முடிந்தது. சீராக வளர்ந்தால் வேகப் பிரச்சினை, இப்போது பார்த்தோமே அது. ஒரு குறிப்பிட்ட கட் வரை சரியாக இருந்து, அதற்குப் பிறகு திடீரென்று 14 ஃப்ரேம் தள்ளி அப்படியே நின்றால், மிக்ஸுக்குக் கொடுத்த பிறகு யாரோ எடிட்டைத் தொட்டிருக்கிறார்கள். சில ஷாட்டுகளில் மட்டும் ஒழுங்கில்லாமல் ஆடினால் அவை மொபைலில் எடுத்தவையா என்று பாருங்கள். மொபைல்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃப்ரேம் ரேட்டைக் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்யும்; எடிட்டுக்கு முன்பே அவற்றை மாறாத வேகத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். ரெக்கார்டரின் கடிகாரம் தவறுவது பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகும் சுமாரான கடிகாரம்கூட ஒரு மணி நேரத்துக்கு 72 மில்லிநொடிதான் விலகும். இரண்டு நிமிட டேக்குகளில் அதற்கு வேலையே இல்லை.

இந்தத் தவறு தியேட்டருக்கு வரும்முன் பிடிபட்டிருக்க வேண்டும். பிடிக்க ஒரு பழைய, எளிய வழி உண்டு. டைம்லைனில் படத்தின் முதல் ஃப்ரேம் 01:00:00:00 என்ற டைம்கோடில் (மணி, நிமிடம், நொடி, ஃப்ரேம்) தொடங்கட்டும். அதற்குச் சரியாக 2 நொடி முன்னால், 00:59:58:00-ல், ஒரே ஒரு ஃப்ரேம் நீளத்துக்கு 1 கிலோஹெர்ட்ஸ் பீப். அதே ஃப்ரேமில் திரையில் 2 என்ற எண். படம் முடிந்து 2 நொடி கழித்து அதேபோல இன்னொரு பீப், இன்னொரு அடையாள ஃப்ரேம். தலையில் உள்ள பீப்பை எல்லோரும் போடுகிறார்கள். வாலில் உள்ளதை மறந்துவிடுகிறார்கள். உங்கள் விவகாரத்தில் தலை பீப் ஒன்றும் காட்டிக்கொடுத்திருக்காது, அங்கே எல்லாம் சரிதானே. வால் பீப் இருந்திருந்தால் 1.3 நொடி தள்ளிக் கூவியிருக்கும். சோதனை டிசிபியில் இரண்டையும் விட்டுவைத்துப் பாருங்கள். விழாவுக்குப் போகும் பிரதியில் வெட்டிவிடுங்கள்.

இனி இயக்குநரின் ஆசை. காட்சியைக் குறைப்பது சரியா தவறா என்பது எனக்குத் தெரியாது, ஆனால் குறைப்பதென்றால் இந்த வாரமே குறைத்துவிட வேண்டும். மிக்ஸை எப்படியும் மறுபடி திறக்கப் போகிறீர்கள் (அதற்கு வருகிறேன்), எனவே இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. இயக்குநரையும் எடிட்டரையும் இரண்டு நாள் உட்கார வையுங்கள். இந்தக் காட்சி மட்டுமில்லை, மனதில் உறுத்தும் எல்லாவற்றையும் அப்போதே தீர்த்துக்கொள்ளட்டும். அதன் பிறகு பிக்சர் லாக். லாக் என்றால் ஒரு ஃப்ரேமைக்கூடத் தொடக்கூடாது என்று அர்த்தம். 'சின்ன மாற்றம்தானே' என்று 3 ஃப்ரேமை எடுத்தால், அந்த இடத்துக்குப் பின்னாலுள்ள வசனம், எஃபெக்ட்ஸ், இசை, சப்டைட்டில் எல்லாமே 3 ஃப்ரேம் தள்ளிப்போகும்.

மாற்றத்தைச் செய்ய இரண்டு வழி இருக்கிறது. முடிந்தால் மொத்த நீளத்தை மாற்றாமல் செய்யுங்கள்: ஒரு ஷாட்டை எடுத்துவிட்டு அதே நீளத்துக்கு முந்தைய ஷாட்டையோ எதிர்ப்பக்கத்து முகத்தையோ நீட்டினால், அந்தப் பகுதிக்கு வெளியே எதுவும் நகராது. மிக்ஸ் செய்பவர் அந்தச் சில நொடிகளை மட்டும் பார்த்தால் போதும். உங்கள் இயக்குநர் கேட்பதோ குறைப்பு, அது நீளத்தை மாற்றாமல் நடக்காது. அப்படியானால் மாற்றப் பட்டியல் ஒன்று எழுத வேண்டும். 'காட்சி 7-ல் கொஞ்சம் வெட்டியிருக்கிறோம்' என்பது பட்டியல் ஆகாது. உதாரணமாக, 12 நொடி வெட்டுவதானால் இப்படி எழுதுங்கள்: பழைய படத்தில் 01:09:14:06 முதல் 01:09:26:06 வரை நீக்கம், 288 ஃப்ரேம்; அதன் பிறகு எல்லாம் 288 ஃப்ரேம் முன்னால் வரும்; புதிய மொத்த நீளம் 31,360 ஃப்ரேம். இந்த மூன்று வரியும், டைம்கோடு திரையிலேயே தெரியும்படி பதித்த (எரித்த) புதிய ரெஃபரன்ஸ் வீடியோவும் கையில் இருந்தால் மிக்ஸ் செய்பவர் தம் செஷனைச் சில நிமிடத்தில் ஒத்துக்கொண்டு வந்துவிடுவார். இல்லாவிட்டால் ஒரு நாள் முழுக்கக் காதால் தேடிக்கொண்டிருப்பார். வெட்டிய இடத்தில் இசை ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் அவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். 12 நொடியை இசையின் நடுவிலிருந்து பிடுங்கினால் தாளம் நொண்டும், வேறு இடத்தில் ஒட்ட வேண்டியிருக்கும்.

கோப்புகளுக்கு 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'உண்மையான ஃபைனல்' என்று பெயர் வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். லாக் 1, லாக் 2 என்ற எண்ணும் தேதியும் போதும். ரெஃபரன்ஸ் வீடியோவின் ஓரத்திலும் அந்த எண் எரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் கோப்பின் பெயரை யாராவது மாற்றிவிடுவார்கள்.

அடுத்து, அமுங்கிய வசனம். இதற்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். சின்னப் படங்கள் பார்வையாளரிடம் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். மங்கலான ஷாட்டை மன்னிப்பார்கள், புரியாத பேச்சை மன்னிக்க மாட்டார்கள்.

மிக்ஸ் செய்தவருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று முதலில் விசாரியுங்கள். தனி ரெக்கார்டர் ஒவ்வொரு டேக்கையும் பல டிராக் உள்ள ஒரே வேவாக எழுதும். பெரும்பாலும் முதல் டிராக்கில் எல்லாவற்றையும் கலந்த மிக்ஸ், அடுத்தடுத்த டிராக்குகளில் பூம் (தலைக்கு மேல் கோலில் பிடிக்கும் மைக்) தனியாக, காலர் மைக்குகள் தனித்தனியாக. எடிட்டர் வேலை எளிதாகட்டும் என்று மிக்ஸ் டிராக்கை மட்டும் டைம்லைனில் வைத்து ஒத்திசைத்திருப்பார். அதில் தவறில்லை. ஆனால் அதையே ஏஏஎஃப்பாக (எடிட்டின் ஒலித் துண்டுகளை மிக்ஸ் மென்பொருளுக்கு எடுத்துச் செல்லும் கோப்பு) எடுத்துக் கொடுத்திருந்தால், பூமும் காலர் மைக்கும் ஏற்கெனவே பிரிக்க முடியாதபடி கலந்த ஒன்று மட்டுமே மிக்ஸ் செய்தவர் கைக்குப் போயிருக்கும். ஒருவர் பேசும்போது இன்னொருவருடைய சட்டை உரசும் சத்தத்தை அவரால் எடுக்கவே முடியாது. ஏஏஎஃப் மறுபடி எடுக்கும்போது எல்லா டிராக்கும் அதில் வரட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னும் பின்னும் குறைந்தது 5 நொடி கைப்பிடி, அதாவது வெட்டுக்கு அப்பாலும் உள்ள உபரி ஒலி, விடுங்கள். எடிட்டர் போட்ட ஈக்யூ, நாய்ஸ் ரிடக்‌ஷன் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ரெக்கார்டரின் மூல வேவ்களையும் சவுண்டு ரிப்போர்ட்டோடு ஒரு ஃபோல்டராகக் கொடுங்கள். ஏஏஎஃப்பில் ஏதாவது விட்டுப்போனால் அதிலிருந்து தேடிக்கொள்வார்.

பிறகு வரிசை. வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இசையையும் எஃபெக்ட்ஸையும் முற்றிலும் மூடிவிட்டு, 22 நிமிடத்தையும் ஒழுங்காக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டிலும் பின்னணி இரைச்சல் மாறுவதுதான் காதை உறுத்தும்: அவன் பேசும்போது மின்விசிறி, அவள் பேசும்போது நிசப்தம். இரைச்சலைத் துடைப்பது இதற்குக் கடைசி மருந்து. முதல் மருந்து, அந்த இடத்தின் வெற்று ஒலியைக் காட்சி முழுக்க அடியில் விரித்துவிடுவது. இடத்தின் ஒலியைத் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்யாமல் விட்டிருப்பீர்கள், சின்னக் குழுக்களில் அதுதான் வழக்கம். பரவாயில்லை, டேக்குகளுக்குள்ளேயே அது ஒளிந்திருக்கிறது. கிளாப் அடித்ததற்கும் 'ஆக்‌ஷன்' சொன்னதற்கும் நடுவே எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு மூன்று நொடி, கடைசி வசனத்துக்கும் 'கட்'டுக்கும் நடுவே இன்னும் சில நொடி. காட்சிக்குப் பத்து டேக் என்றால் அரை நிமிடம் தேறும். அவற்றைப் பொறுக்கி, மேலும் கீழும் மாற்றி அடுக்கி, ஒன்று மங்க இன்னொன்று எழும் நீண்ட குறுக்குக் கலப்போடு ஒட்டினால் எவ்வளவு நீளத்துக்கும் இழுக்கலாம். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் மட்டும் காது கண்டுபிடித்துவிடும். அந்தத் துண்டில் இருந்த ஒரு காக்கைக் கரைப்பு நாலு நொடிக்கு ஒருமுறை வரும்.

இதற்கு மேலும் மீதமிருக்கும் இரைச்சலுக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன். 6 டெசிபல் அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். 20 டெசிபல் துடைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும், தியேட்டரின் பெரிய ஸ்பீக்கர் அதை இன்னும் பெரிதாக்கிக் காட்டும். அப்படியும் தேறாத வரிகளுக்கு டப்பிங். படப்பிடிப்பில் பயன்படுத்திய அதே மைக், அதே தூரம்; அடியில் அதே இடத்து ஒலி. ஸ்டுடியோ மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து எடுத்த குரல் எட்டடி தள்ளி நிற்கும் முகத்தில் ஒட்டாது. எனக்கு டப்பிங் வரிகள் ஒரு படத்தில் பத்தைத் தாண்டினாலே சந்தேகம் வரும். வேறொரு டேக்கில் அதே வரி சுத்தமாகக் கிடக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். பல நேரம் கிடைக்கும், உதடு பெரிய வித்தியாசமில்லாமல் பொருந்தும்.

இசை தூக்கலாகக் கேட்டதற்குக் காரணம் அநேகமாக மிக்ஸ் செய்த அறை. ஹெட்ஃபோனிலோ மேசை மேல் வைத்த சின்ன ஸ்பீக்கரிலோ காதுக்கு அருகில் கேட்கும்போது வசனம் எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும், அதனால் கை தானாக இசையை ஏற்றிவிடும். தியேட்டரில் எதிரொலி சேரும்போது முதலில் தொலைவது வசனத்தின் மெய்யெழுத்துகள். தியேட்டருக்கு மிக்ஸ் செய்யும் அறையில் ஒவ்வொரு முன் ஸ்பீக்கரையும் மைனஸ் 20 டெசிபல் அளவில் பதிவான பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலுக்கு 85 டெசிபல் ஒலிக்கும்படி அளந்து பூட்டுவார்கள். சின்ன அறைக்கு அது சத்தம் அதிகம், 79-ஐ ஒட்டி வைத்துக்கொண்டால் போதும். முக்கியமானது எண்ணைவிட, அளந்த பிறகு வால்யூம் திருகைத் தொடாமலிருப்பது. கண்ணுக்கு ஒரு துணை வேண்டுமென்றால், நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் அளவை எடுத்துக்கொள்ளலாம்: வசனத்தின் சராசரி மைனஸ் 27 எல்கேஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு), கூடவோ குறையவோ 2, உச்சம் மைனஸ் 2 டெசிபலைத் தாண்டக்கூடாது. இது தியேட்டர் விதி அல்ல, ஆனால் இந்த அளவில் நிற்கும் மிக்ஸ் தியேட்டரில் கத்தாது. யூடியூபுக்காக மைனஸ் 14-க்கு ஏற்றி நசுக்கிய மிக்ஸையே டிசிபிக்குள் போட்டிருந்தீர்களானால், ஆபரேட்டர் வால்யூமைக் குறைத்திருப்பார், வசனமும் சேர்ந்து இறங்கியிருக்கும். இணையத்துக்கு ஒன்று, அரங்குக்கு ஒன்று என்று இரண்டு மிக்ஸ் வேண்டும்.

ஓரத்து இருக்கைக்காரர்கள் சொன்னது முற்றிலும் நிஜம். நீங்கள் கொடுத்தது இடது, வலது இரண்டு டிராக் ஸ்டீரியோ. இரண்டிலும் சமமாக இருக்கும் குரல் நடுவிலிருந்து வருவதுபோலத் தோன்றுவது நடுவில் உட்கார்ந்தவருக்கு மட்டும். ஓரத்தில் இருப்பவருக்குப் பக்கத்து ஸ்பீக்கரின் ஒலி முதலில் வந்து சேர்ந்துவிடும், மூளை அதையே நம்பும். திரைக்குப் பின்னால் நடு ஸ்பீக்கர் இருப்பதே இதற்காகத்தான். ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் கொண்ட முழு 5.1 மிக்ஸ் செய்ய உங்களுக்கு நேரமில்லை, வேண்டியதுமில்லை. வசனத்தை நடுவிலும், இசையையும் சூழல் ஒலியையும் இடது வலதிலும் வைத்து மூன்று சேனல் கேளுங்கள். 5.1 வரிசையில் அவை உட்காரும் இடம்: இடது, வலது, நடு, சப்வூஃபர், இடது சரவுண்டு, வலது சரவுண்டு. பின் மூன்றும் மௌனமாக இருக்கலாம். வரிசை மாறிவிட்டால் வசனம் சப்வூஃபருக்குப் போய் உறுமலாக வரும், எனவே ஒவ்வொரு சேனலையும் தனியாக ஒலிக்க விட்டுப் பாருங்கள். முடிந்த ஸ்டீரியோவைத் தானியங்கிக் கருவியால் 5.1 ஆக ஊதிப் பெருக்க வேண்டாம். வசனம், இசை, எஃபெக்ட்ஸ் தனித்தனி ஸ்டெம்களாக (பிரித்து வைத்த ஒலிக் கோப்புகளாக) இருக்கும்போது அந்தக் குறுக்குவழி தேவையே இல்லை.

கலரில் பெரிய வேலை இல்லை. 12 நொடி குறைந்ததற்காக எதையும் மறுபடி கலர் செய்ய வேண்டியதில்லை. கலரிஸ்ட் புதிய எக்ஸ்எம்எல்லை (எடிட்டின் வெட்டுகளைப் பட்டியலிடும் கோப்பு) வைத்து ஒத்துப்பார்த்துப் புதிய மாஸ்டர் எடுத்தால் போதும். எடிட்டில் வேகம் மாற்றிய ஷாட்டுகளும் பெரிதாக்கி நகர்த்திய ஷாட்டுகளும் எக்ஸ்எம்எல்லில் பல நேரம் சரியாகப் போகாது, அவற்றை மட்டும் ரெஃபரன்ஸ் வீடியோவோடு கண்ணால் ஒப்பிடுங்கள். இருட்டான காட்சி இருந்தால் ஒரு எச்சரிக்கை. தியேட்டர் திரையின் வெள்ளை 48 நிட்ஸ்தான் (நிட் என்பது பிரகாசத்தின் அலகு). லேப்டாப் திரை அதைப்போலப் பல மடங்கு பிரகாசம். பட்டப்பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து லேப்டாப்பில் 'நிழலில் விவரம் தெரிகிறது' என்று முடிவு செய்யாதீர்கள். 1920 பிக்சல் அகலப் படம் 1998 பிக்சல் அகலமுள்ள, ஃபிளாட் என்ற திரை வடிவ டிசிபிக்குள் இரண்டு பக்கமும் 39 பிக்சல் கறுப்போடு உட்காரும். அது பிழையல்ல.

எண்ட் டைட்டில் மேலே ஓடுவதாக இருந்தால், ஒரு ஃப்ரேமுக்கு நகரும் பிக்சல் முழு எண்ணாக இருக்க வேண்டும். 1080 உயரத்தில் ஃப்ரேமுக்கு 3 பிக்சல் என்றால் ஒரு பெயர் கீழிருந்து மேலே போக 360 ஃப்ரேம், 15 நொடி. 2.7 பிக்சல் என்று அமைந்துவிட்டால் எழுத்து நடுங்கும். உங்கள் குழுவில் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள், நாலு அட்டையாகப் போட்டுவிடுங்கள், நடுக்கமும் இல்லை, நேரமும் மிச்சம்.

5 வாரத்தைப் பிரித்தால்: முதல் வாரம் எடிட் மாற்றமும் லாக்கும் ஏஏஎஃப்பும். இரண்டாவதும் மூன்றாவதும் முழுக்க ஒலிக்கு. கலரிஸ்ட் அந்த இடைவெளியில் தம் வேலையை முடித்துவிடுவார். நான்காவது வாரத் தொடக்கத்தில் டிசிபி, அந்த வாரமே மறுபடி தியேட்டர். ஐந்தாவது வாரத்தில் எந்த வேலையும் வைக்காதீர்கள், அது கோளாறுகளின் வாரம். தியேட்டரில் கிடைப்பது அரை மணி நேரம்தான் என்றால் முழுப் படத்தையும் ஓட்டிவிடுங்கள், 22 நிமிடம்தானே. பத்து நிமிடம்தான் தருவார்கள் என்றால், படத்தின் கடைசி 3 நிமிடம், மிக இருட்டான காட்சி, மிக மெதுவாகப் பேசும் காட்சி. திரைக்கதையைப் படிக்காத ஒருவரை ஓரத்து இருக்கையில் உட்கார வையுங்கள். தியேட்டருக்குப் போகும்முன் வீட்டில் ஒருமுறை, கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, முழுத் திரையில் தொடக்கம் முதல் முடிவு வரை நிறுத்தாமல் பாருங்கள். மாற்றிய இடத்துக்கு அருகில் ஒரே ஒரு ஃப்ரேம் கறுப்பாகவோ பழைய ஷாட்டாகவோ மின்னி மறைவது அப்போதுதான் கண்ணில் படும்.

ஹார்ட் டிஸ்க் விஷயம். கேமரா ஒரிஜினலும் ரெக்கார்டர் வேவும் தவிர மற்ற எல்லாவற்றையும் மறுபடி உண்டாக்கிக்கொள்ளலாம். நீங்கள் அழிக்க நினைப்பது சரியாக அந்த இரண்டில் ஒன்றை. இன்னும் லாக் ஆகாத படத்துக்கு, கைப்பிடி ஃப்ரேமுக்காகவோ சுத்தமான ஒரு வசனத்துக்காகவோ நாளைக்கே அதைத் தேடுவீர்கள். இடம் வேண்டுமென்றால் எடிட்டிங் மென்பொருளின் ரெண்டர் கேஷை (அது தானே உண்டாக்கி வைக்கும் தற்காலிகக் கோப்புகளை) அழியுங்கள், பல நூறு ஜிபி அங்கே தூங்கிக்கொண்டிருக்கும். அடுத்து, எடிட்டுக்காக ஃபுட்டேஜை முழு 4கே புரோரெஸ் எச்க்யூவாக மாற்றி வைத்திருந்தால் அதுதான் டிஸ்க்கைத் தின்றது: மணிக்கு ஏறத்தாழ 318 ஜிபி. அவற்றை நீக்கி, 1080 புரோரெஸ் ப்ராக்ஸியாக (எடிட்டுக்கு மட்டுமான சிறிய நகலாக) எடுத்தால் மணிக்கு 16 ஜிபிதான். ப்ராக்ஸிக்குப் பெயர், டைம்கோடு, ஃப்ரேம் ரேட், ஆடியோ சேனல் எண்ணிக்கை நான்கும் ஒரிஜினலோடு ஒத்திருக்க வேண்டும், 23.976 ஃபுட்டேஜுக்கு 24 ப்ராக்ஸி எடுத்தால் மேலே சொன்ன கதை எடிட் டேபிளிலேயே தொடங்கிவிடும்.

இப்போது ஒரிஜினல் ஒரே டிஸ்க்கில்தான் இருக்கிறது என்று உங்கள் கேள்வியிலிருந்து புரிகிறது. வேறெதற்கும் முன்னால், நாளைக் காலையிலேயே இரண்டாவது டிஸ்க் ஒன்றில் நகல் எடுங்கள். இழுத்துப் போட்டு நகலெடுக்காமல், எம்டி5 போன்ற செக்சம் (கோப்பின் கணக்கு அடையாளம்) வைத்து நகலும் மூலமும் ஒன்றா என்று சரிபார்க்கும் மென்பொருளால் எடுங்கள். பாதியில் உடைந்த கோப்பைச் சாதாரண நகல் காட்டிக்கொடுக்காது. ஒன்று எடிட்டர் வீட்டில், ஒன்று இன்னொருவர் வீட்டில். வருடக்கணக்கில் மின்சாரமில்லாமல் அலமாரியில் கிடக்கப் போகிறது என்றால் எஸ்எஸ்டியைவிடச் சுழலும் டிஸ்க்கே மேல். படம் முடிந்ததும் அதே டிஸ்க்கில் மாஸ்டர், எழுத்தில்லாத மாஸ்டர், ஸ்டெம்கள், எடிட் ப்ராஜெக்ட், எக்ஸ்எம்எல், ஏஏஎஃப், பயன்படுத்திய எழுத்துருக்கள், டிசிபி எல்லாம் சேரட்டும். கூடவே ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு: லாக் எண், மொத்த ஃப்ரேம், ஃப்ரேம் ரேட் 23.976, மிக்ஸ் ஃப்ரேமுக்கு 2002 சாம்பிள்.